கோரையும் நானும் ஒன்றரை லட்சமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். தாவரவியலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவை பிளேடால் வகுந்ததோடு சரி. அதிலும் பாதி விரலைத்தான் வகுந்தேன்.

அப்படிப்பட்டவனிடம் அறுநூறு சதுர அடி புல்தரையை ஒப்படைத்துவிட்டு எங்கள் ஹவுஸ் ஓனர் அமெரிக்கா போனார். மகளுக்குப் பிரசவம். ஆறு மாதம்.

கோயமுத்தூரில் வடவள்ளிப் பக்கம் வீடு. கீழே அவர், மாடியில் நாங்கள். ஒரு ஸ்பின்னிங் மில்லில் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். வாசலில் கொரியன் புல் போட்டு வளர்த்திருந்தார். சாதாரணப் புல் இல்லை ஸார். குட்டையாக, ஊசி ஊசியாக, நெருக்கமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தோன்றும். நடுவில் மட்டும் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி, அதில் காகிதப்பூச் செடி. ஓரத்தில் வைக்க வேண்டியதை இப்படி நட்ட நடுவில் வைப்பானேன் என்று நானும் மனைவியும் பலமுறை பேசியிருக்கிறோம். ஹவுஸ் ஓனரிடம் கேட்கவில்லை. ஹவுஸ் ஓனரிடம் கேள்வி கேட்பவன் அடுத்த வீடு பார்த்துவைத்திருக்க வேண்டும்.

"தம்பி, நீங்கதான் வீட்லயே இருந்து எழுதறீங்களே... நம்ம லானைக் கொஞ்சம் பாத்துக்கோணுமுங்க. மாசம் ஆயிரம் ரூவா வாடகைல கொறைச்சுக்கலாமுங்க" என்றார்.

ஆறு மாதம், ஆறாயிரம். புல் தானாக வளரப்போகிறது, தண்ணீர் அவர் மோட்டார், கரண்ட் அவர் மீட்டர். செலவே இல்லாத வரவு! "சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

மனிதர் மில்லில் இருந்தவர் இல்லையா? வாயால் சொன்னதை நம்புவதில்லை. வாடகை அக்ரிமெண்ட்டின் கடைசியில் தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்தார். 'புல்தரையை இருந்தபடி பராமரித்து ஒப்படைக்க வேண்டியது. தவறினால் சீர் செய்யும் செலவு அட்வான்ஸில் பிடிக்கப்படும்.' நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அது என் பணமும் இல்லை. அப்பா கூட்டுறவு சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதி ரிடையர் ஆனபோது வந்த பணத்திலிருந்து கொடுத்தது. இன்னொரு விஷயமும் உண்டு. நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுத வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று தீபாவளியும் போயிற்று, பொங்கலும் போயிற்று.

சித்திரை கடைசியில் ஹவுஸ் ஓனர் கிளம்பினார். முதல் கோடை மழை பெய்தது. நாலாம் நாள் காலையில் மாடியிலிருந்து பார்த்தால், புல்தரை பச்சைப் பசேலென்று இருந்தது. 'ஆஹா, நம்ம கைராசி' என்று காபியை உறிஞ்சினேன்.

கைராசிதான். பச்சையாக இருந்தது கொரியன் புல் இல்லை.

கீழே போய்ப் பார்த்தேன். மதில் ஓரமாக மினுமினுவென்று கரும்பச்சையில் ஒரு புல், மற்ற புல்லைவிட நாலு விரல் உயரமாக நின்றது. 'இதென்ன இது, இவ்வளவு செழிப்பா...' என்று குனிந்து பிடுங்கினேன். சுலபமாக வந்துவிட்டது. ரொம்ப சுலபமாக. அரை மணி நேரத்தில் ஒரு கூடை. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் டீச்சர். "பிடுங்கினது சரி, வேர் எங்கே?" என்றாள்.

ஒரு வாரம்தான். பிடுங்கின இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக நின்றது.

அதற்குப் பெயர் கோரை என்று எங்கள் தெருவில் பெருக்க வரும் ஆத்தா சொல்லித்தான் தெரியும். "தண்டை விரல்ல உருட்டிப் பாரு கண்ணு" என்றார். உருட்டினேன். உருளவில்லை. மூன்று பட்டையாக இருந்தது, பிரிஸ்ம் மாதிரி. புல்லுக்குத் தண்டு உருண்டை, கோரைக்கு முக்கோணம். சொல்லப்போனால் கோரை புல்லே இல்லையாம், வேறு குடும்பமாம். வாடகைதாரன் மாதிரி வந்து குடியேறினது. (உவமை எனக்கே உறுத்துகிறது, விடுங்கள்.)

கோரையின் தொழில் ரகசியம் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தெரிகிற இலை வெறும் போர்டு. கீழே கருப்பாக, கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கிழங்கு. அதிலிருந்து ஒரு நூல், நூல் முனையில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொரு நூல்... ஜெபமாலை மாதிரி போய்க்கொண்டே இருக்கும். மாலையில் எல்லாக் கிழங்கும் ஒரே சமயத்தில் முளைக்காது. மூத்தது முளைத்தால் மற்றது சும்மா தூங்கும். நாம் இலையைப் பிடுங்கி நூலை அறுத்துவிட்டோமானால், தூங்கின கிழங்கெல்லாம் 'அண்ணன் போயிட்டான்டா' என்று எழுந்து தனிக்குடித்தனம் ஆரம்பித்துவிடும். நான் அந்த ஒரு கூடைக் கோரையைப் பிடுங்கியபோது களை எடுக்கவில்லை. நாற்று விட்டிருக்கிறேன்.

காமர்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது கந்துவட்டி. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டினால் என்ன ஆகும்? அதே கதை.

இந்த ஜந்துவுக்கு உலகப் புகழ் வேறு! லெராய் ஹோல்ம் என்ற விஞ்ஞானி இன்னும் மூவருடன் சேர்ந்து 1977-ல் 'உலகின் மிக மோசமான களைகள்' என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் முதல் ராங்க் யாருக்கு என்கிறீர்கள்? நம் கோரைக்குத்தான். இரண்டாம் ராங்க்கைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அருகம்புல்! பிள்ளையாருக்கு மாலையாகப் போடுகிறோமே, காலையில் வாக்கிங் போகிறவர்கள் பார்க் வாசலில் டம்ளர் டம்ளராக ஜூஸ் குடிக்கிறார்களே, அதேதான். அதையே வெளிநாட்டில் பெர்முடா புல் என்று கோல்ஃப் மைதானத்தில் காசு கொடுத்துப் போடுகிறார்கள். ஆக, எது புல், எது களை என்பதைப் புல் முடிவு செய்வதில்லை. எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் பழைய ஆபீஸில் செலவுக் கணக்கு எழுதுகிற மாதிரி.

ஒருநாள் மனைவி நாட்டு மருந்துக் கடையிலிருந்து குளியல் பொடி அரைக்கச் சாமான் வாங்கி வந்தாள். பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ... கூடவே ஒரு பொட்டலத்தில் கருப்பாக, சின்னச் சின்னதாக எதுவோ. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று எடுத்து முகர்ந்தேன்.

கோரைக்கிழங்கு! காசு கொடுத்து!

இதற்கிடையில் தெருவாசிகளின் ஆலோசனை. எதிர்வீட்டுக்காரர் கருப்புப் பாலிதீன் ஷீட்டைப் போட்டு மூடச் சொன்னார். மதில் ஓரத்து மண் வரப்பில் மட்டும் போட்டுப் பார்த்தேன். கோரையின் முளை ஊசி மாதிரி கூர்மை. பத்து நாளில் ஷீட்டைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்தது. அடுத்த வீட்டு மாமி வினிகர் தெளிக்கச் சொன்னார். இலை கருகியது, கிழங்குக்கு ஊறுகாய் போட்ட சந்தோஷம். மூன்றாமவர் கல் உப்பு என்றார். கடைக்கே கிளம்பிவிட்டேன். ஆத்தாதான் வழியை மறித்தார்.

"உப்பு மட்டும் போட்றாதே சாமி. கோரை சாகுதோ இல்லியோ, மண்ணு செத்துப்போயிரும்."

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பதில் நான் செய்த காரியம் உப்பைவிட மோசம். டவுனில் ஒரு மருந்துக் கடையில் போய் 'கோரை' என்றேன். கடைக்காரர் நான் எதற்கு அடிக்கப்போகிறேன் என்றுகூடக் கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். கிளைபோசேட். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயரில் கலக்கி ஒரு சாயங்காலம் அடித்தேன். லேசாகக் காற்று வேறு.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கோரை மஞ்சளாயிற்று. ஆஹா! அடுத்த நாள் அதைச் சுற்றியிருந்த கொரியன் புல்லும் மஞ்சளாயிற்று. ஐயோ! பத்துப் பன்னிரண்டு நாளில், மதில் பக்கம் ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்குப் புல்தரை காய்ந்த வைக்கோல்.

பிறகுதான் விசாரித்தேன். (எல்லாவற்றையும் பிறகுதான் விசாரிப்பேன்.) கிளைபோசேட்டுக்குப் புல், கோரை, ரோஜா என்ற பேதம் தெரியாது. பச்சையாக எதன்மேல் பட்டாலும் உள்ளே இறங்கிவிடும். முளைத்து நிற்கும் கிழங்கை ஓரளவு சாகடிக்கும். தூங்கும் கிழங்கைத் தொடாது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசே, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாகத் தவிர வேறு யாரும் இதை அடிக்கக் கூடாது என்று அறிவிக்கை போட்டிருந்தது. நான் லுங்கியைக் கட்டிக்கொண்டு, க்ளவுஸ்கூட இல்லாமல் அடித்திருக்கிறேன்.

பின்தெருவில் அக்ரி படிக்கும் ஒரு பையன், "அங்கிள், ஹாலோசல்ஃப்யூரான்னு ஒண்ணு இருக்கு. கோரையை மட்டும் பிடிக்கும், புல்லை விட்டுடும். வெளிநாட்டுல லானுக்கே அடிக்கிறாங்க. இங்கே கரும்புக்குன்னு விக்கிறாங்க" என்றான். அங்கிள் என்றதையும் மன்னித்து, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே அங்கிள்?"

வைக்கோல் கட்டில் அப்படியே கிடக்க, அமெரிக்காவிலிருந்து வீடியோ கால் வர ஆரம்பித்தது. நமக்குக் காலை, அவருக்கு ராத்திரி. பேத்தியைக் காட்டுவார். நாங்கள் 'அச்சு அசல் தாத்தா' என்போம். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பி, அப்படியே லானைக் கொஞ்சம் காட்டுங்க" என்பார். நான் ஒரு சினிமா கேமராமேன் ஆனது அந்த நாட்களில்தான். காகிதப்பூத் தொட்டியை ஃபிரேமில் நடுவில் வைத்து, வெயிலுக்கு எதிராகப் பிடித்து, மதில் பக்கம் வருவதற்குள் "நெட்வொர்க் சரியில்லீங்க" என்று கட் செய்துவிடுவேன். ஒருமுறை அவர், "தொட்டியை மாத்தி வேற எதையும் காட்டமாட்டீங்களா?" என்றார். எனக்கு வியர்த்தது. அவர் சிரித்த மாதிரியும் இருந்தது.

ஒரு நர்சரியில் போய், செத்த இடத்துக்குப் புதுப் புல் பாய் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். புல், மண், ஆள் கூலி எல்லாம் சொன்னார்கள். அந்த இடம் மட்டும் போட்டால் நிறம் ஒட்டாது, முழுக்க மாற்றினால்தான் பார்வையாக இருக்கும் என்றார்கள். முழுக்க என்றால் எவ்வளவு? சொன்ன தொகையை நான் வீட்டில் சொல்லவில்லை. அந்த மாதம் எனக்குக் கட்டுரைகளில் வந்தது ஒன்பதாயிரத்து இருநூறு.

ஆடி மாதம் அப்பா வந்தார். பதினைந்து நாள் தங்கப்போவதாகச் சொன்னார். அம்மா போனபிறகு அவர் அவ்வளவு நாள் எங்கும் தங்கியதில்லை.

முதல் நாள் திங்கட்கிழமை. "ஆபீஸ் போகலியாடா?"

"லீவுப்பா."

செவ்வாய். "இன்னிக்குமா?"

"வொர்க் ஃப்ரம் ஹோம்ப்பா."

அப்பா பேப்பரைப் புரட்டினார். புதன்கிழமை காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே புல்தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கையில் என் ஸ்குரூ டிரைவர்.

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் உண்டு. அப்பாவுக்குக் கோரை பால்ய சிநேகிதம். "தண்ணி கட்டின வயல்ல இவன் ஜம்பம் சாயாதுடா. மேட்டுக் கொல்லை, கரும்பு, உளுந்து... அங்கதான் இவன் ராஜா" என்றார். முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்திருக்கிறார். ஸ்குரூ டிரைவரைத் தண்டுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு சாண் இறக்கி, நெம்பி, மண் இளகியபிறகு இரண்டு விரலால் தூக்கினார். கிழங்கு, நூல், அடுத்த கிழங்கு, அதற்கடுத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நூல் அறுந்தால் அறுந்த இடத்தில் மறுபடி இறக்கித் தேடினார். ஒரு செடிக்கு ஐந்து நிமிஷம். எடுத்ததைப் புல்மேல் போடவில்லை; கிழங்கு ஒன்று தவறி விழுந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளுமாம். ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டார்.

"மேலே துளிர் வந்து மூணு, நாலு வாரத்துல கீழே புதுக் கிழங்கு வைக்க ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள எடுத்துப்புடணும். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை, விடாம. தப்பிச்சது மறுபடி துளிர்க்கும், மறுபடி எடு. கிழங்குல இருக்கிற சரக்கு எத்தனை தடவைக்குத் தாங்கும்?"

"எத்தனை நாள் ஆகும்ப்பா?"

"இதுக்கெல்லாம் நாள் கணக்கு உண்டா? ரெண்டு வருஷம் பாரு."

நானும் உட்கார்ந்தேன். முதல் நாள் முட்டி விட்டுப்போயிற்று. கோரையில்லாத இடங்களில் மற்ற ஆட்களும் இருந்தார்கள். புளியாரையை எடுத்து அப்பா வாயில் போட்டுக்கொண்டார், எனக்கும் ஒரு இலை கொடுத்தார், புளிப்பு. அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால். கீழாநெல்லியை ஆத்தா தனியாக வாங்கிக்கொண்டார், யாருக்கோ மஞ்சள்காமாலையாம். தொட்டாற்சிணுங்கியை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார்கள். முள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தலையை நிமிர்த்தாமலே அப்பா கேட்டார்.

"வேலையை விட்டு எவ்வளவு நாளாச்சு?"

ஸ்குரூ டிரைவர் என் கையில் அப்படியே நின்றது.

"...பதினோரு மாசம்ப்பா."

"எழுதறதுல மாசம் என்ன வருது?"

சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை. அப்பா ஒரு கிழங்கை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதில் நூல் அறுந்தது. அறுந்த நூலைத் தேடி மறுபடி மண்ணுக்குள் இறங்கினார். கிடைத்ததும் டப்பாவில் போட்டுவிட்டு, "அட்வான்ஸுக்கு எழுதி வாங்கியிருக்கியா?" என்றார்.

அக்ரிமெண்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் படித்தார். அந்தக் கடைசி இரண்டு வரியை இரண்டு தடவை படித்தார். வைக்கோல் கட்டிலைப் பார்த்தார். பிறகு பெருக்கிக்கொண்டிருந்த ஆத்தாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவர் இருக்கறப்ப இங்க கோரை இருந்துச்சா?"

"இல்லாமயா? ரெண்டு லோடு செம்மண்ணு கொட்டுனாரு, அதுல வந்ததுதானுங்க. விடியால அஞ்சு மணிக்கு டார்ச் லைட்டை வெச்சுட்டு உக்காந்துக்குவாரு. ஏழு மணி வரைக்கும் நோண்டிட்டே இருப்பாரு, தெனமும்."

நான் எட்டு மணிக்கு எழுந்திருப்பவன். ஒரு வருஷமாக எட்டு மணி புல்தரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பா அக்ரிமெண்ட்டை மடித்துக் கொடுத்தார். "'இருந்தபடி'ன்னுதானே போட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பதினைந்து நாளில் ஊருக்குப் போகும்போது இருபத்திரண்டு டப்பா எடுத்திருந்தோம். வேலை விஷயத்தை அவர் மறுபடி பேசவில்லை. பஸ் ஏறும்போது, "செத்த எடத்துல பக்கத்துப் புல்லையே கிள்ளி நடு. பாய் கீய் வாங்காதே" என்றார். ஒரு சாண் இடைவெளியில் கிள்ளிக் கிள்ளி நட்டேன். கொரியன் புல் சோம்பேறி, ரொம்ப மெதுவாகத்தான் படரும்.

நடுவே ஒரு தகவல், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புல் வெட்டும் இயந்திரத்தை 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்ட மில்லில் ஒரு மெஷின் இருந்தது. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். மில்காரர்களுக்கும் புல்தரைக்கும் அப்போதிருந்தே ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் போலிருக்கிறது.

ஐப்பசியில் எங்கள் மில்காரர் திரும்பி வந்தார். டாக்ஸியிலிருந்து இறங்கினார். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. நேராகப் புல்தரை. நான் பின்னாலேயே, அக்ரிமெண்ட் ஜெராக்ஸை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

மதில் ஓரம் போனார். நான் நட்ட இடம் இன்னும் பாதிதான் மூடியிருந்தது, வழுக்கையில் முடி நட்ட மாதிரி. குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மருந்துங்களா?"

"...ஆமாங்க."

"எத்தனை வாட்டி அடிச்சீங்க?"

"ஒரே வாட்டிதானுங்க."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நான் ஜெராக்ஸைத் தொட்டுக்கொண்டேன். 'இருந்தபடி' என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"பரவால்லீங்க. மருந்துன்னா திரும்ப வந்துரும். நான் உப்பு போட்டனுங்க, நாலு படி. அஞ்சு வருஷமாச்சு, ரெண்டு வாட்டி புல்லு வெச்சும் புடிக்கலை. அந்தத் தொட்டியை எதுக்கு நட்ட நடுவுல வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க?"

அட்வான்ஸ் பத்திரமாக இருக்கிறது. அக்ரிமெண்ட்டைப் புதுப்பித்தபோது அந்த இரண்டு வரியை அவரே அடித்துவிட்டார். வாடகையில் ஆயிரத்தைத் திரும்ப ஏற்றி, மேலே ஐந்நூறும் சேர்த்துவிட்டார். அதிகாலை ஐந்து மணிக்கு இப்போது அங்கே இரண்டு டார்ச் லைட். எதிர்வீட்டுக்காரர் முதல் நாள் திருடன் என்று நினைத்துப் போலீஸுக்குப் போன் செய்யப் போனாராம்.

நேற்று ராத்திரி அப்பா போன் செய்தார். நலமா என்று கேட்கவில்லை. போன வாரம் வந்த என் கட்டுரையைப் படித்தேன் என்றும் சொல்லவில்லை, படிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"அந்த மதில் ஓரம் எடுத்து பதினாறு நாள் ஆச்சே. பாத்தியா?"

பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவர் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்.